தச்சன் எண்ட்ரஸ் அடிக்காத ஓர் அடி

சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேரை நான் துணியில்லாமல் பார்த்துவிடுவேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. ஆற்றங்கரைக் குளியல் விடுதி என் புருஷன் வென்டலுடையது. அவன் முடி மழிப்பான், பல் பிடுங்குவான், நோயாளிக்குக் கெட்ட ரத்தத்தைக் குத்தி எடுத்து விடுவான். நான் உலை மூட்டி, தொட்டியில் வெந்நீர் நிரப்பி, வந்தவர்களுக்கு முதுகு தேய்ப்பேன். என் கையில் முதுகைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிச் சொக்கிப்போகிற அதே ஆள், மறுநாள் சந்தைத் தெருவில் எதிரே வந்தால் என் பாவாடை மேலே பட்டுவிடாமல் ஒதுங்கிப் போவான். குளியல்காரர்கள் மானமுள்ளவர்கள் கணக்கில் சேர்த்தி இல்லை. எங்களுக்குக் கீழே செத்த மாட்டின் தோலை உரிப்பவன், அவனுக்கும் கீழே, குற்றவாளிகளைத் தூக்கில் போடுகிற தூக்குக்காரன். எங்கள் வீட்டுப் பிள்ளையை எந்தத் தொழில் சங்கமும் சேர்த்துக்கொள்ளாது. இதெல்லாம் எனக்குப் பழகிப்போன விஷயம். எண்ட்ரஸுக்கு நடந்தது மட்டும் இன்னும் பழகவில்லை.

எண்ட்ரஸ் தச்சன். ஒடிசலான ஆள், கை மட்டும் நீளம். உத்தரத்தின் மேல் தெருவில் நடப்பதைப் போல நடப்பான். வேலையில் அவனைவிடக் கெட்டிக்காரர்கள் சங்கத்தில் இருந்தார்கள், வாயில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு வீட்டுக்குக் கூரைச் சட்டம் ஏற்றி முடித்தால் உச்சியில் பச்சைக் கிளையைக் கட்டி, ஒருவன் மேலே நின்று வீட்டுக்காரரை வாழ்த்திப் பாட்டுக் கட்டிப் பாட வேண்டும், ஒயினைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே போட்டு உடைக்க வேண்டும். அதற்கு எப்போதும் எண்ட்ரஸைத்தான் ஏற்றுவார்கள். வாழ்த்தோடு வாழ்த்தாக வீட்டுக்காரரின் கஞ்சத்தனத்தையும் நாலு வரி சேர்த்துப் பாடிவிடுவான். கீழே நிற்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வேறு வழியில்லாமல் வீட்டுக்காரரும் சிரிப்பார்.

அவன் பெண்டாட்டி உர்செல் கயிறு திரிப்பவர் வீட்டுப் பெண். அவன் பேசுவதற்கெல்லாம் ஈடுகட்டுகிற மாதிரி இவள் பேசவே மாட்டாள். பெற்ற இரண்டு குழந்தைகளும் ஞானஸ்நானத் தண்ணீர் காய்வதற்குள் போய்விட்டன. மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்த மாசி மாதத்தில்தான் தூக்குமரத்து உத்தரம் உளுத்துவிட்டது என்று நகரசபை கண்டுபிடித்தது.

எங்கள் தூக்குமரம் மேல்வாசலுக்கு வெளியே மேட்டில் நிற்கிறது. மூன்று கல்தூண், அவற்றின் மேலே மூன்று உத்தரம். அதைத் தொட்டவன் மானமுள்ள தொழில் செய்ய முடியாது. ஆனால் உளுத்தால் யாராவது தொட்டுத்தானே மாற்ற வேண்டும்? அதற்கும் பெரியவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கொட்டு முழக்கத்தோடு தச்சர் சங்கம் மொத்தமும் மேட்டுக்குப் போகும். நகரத் தலைவர் கோடாலியை வாங்கி, தரையில் கிடத்திய புது உத்தரத்தில் முதல் அடி அடிப்பார். அப்புறம் சங்கத் தலைவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட, ஆளுக்கு ஓர் அடி. எல்லோரும் அடித்து முடிந்ததும், இன்று இந்த மரத்தைத் தொட்டதால் யாருக்கும் குறையில்லை, இதைச் சொல்லி யாரும் யாரையும் ஏசக்கூடாது என்று சபையின் அறிவிப்பு. பிறகு சபைச் செலவில் பீர். எல்லோரும் சேர்ந்து தொட்டால் யாருக்கும் தீட்டில்லை என்பது அவர்கள் கணக்கு. எங்களைப் போன்றவர்களுக்காக அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்த்ததில்லை.

கொட்டுச் சத்தம் கேட்ட காலையில் உர்செலுக்கு வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி வெந்நீர் கேட்டு ஆளனுப்பியதால் நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். பிரசவ வீட்டுக்கு என் வெந்நீர் ஆகும், நான் ஆகமாட்டேன். அதனால் அடுப்படி வாசலிலேயே நின்றேன். எண்ட்ரஸ் சுத்தமான சட்டை போட்டு, கோடாலியும் கையுமாகக் கிளம்பி நின்றுகொண்டிருந்தான்.

"நீங்க போகக்கூடாது," என்றாள் உர்செல் உள்ளேயிருந்து.

"பேரு கூப்பிடுவாங்க, உர்செல். ஒரு அடி அடிச்சிட்டு ஓடி வந்துடறேன்."

"அந்தக் கட்டைய அடிச்ச கையோட வந்து என் பிள்ளையத் தூக்குவீங்களா? ரெண்டு பிள்ளைய மண்ணுக்குக் குடுத்தாச்சு. இதையும் குடுக்கணுமா?"

"சபையே குறையில்லன்னு சொல்லுது."

"சபையா வந்து பெத்துக்குடுக்கப் போகுது? அத்தனை பேரு இருக்காங்க. ஒரு அடி கொறஞ்சா அந்த மரம் சரிஞ்சிடுமா?"

அவன் மருத்துவச்சியைப் பார்த்தான். அவள் காது கேட்காதவள் மாதிரி துணியை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கோடாலியைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவே செருகிக்கொண்டான். அவன் செய்தது சரி என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். பெண் குழந்தை, வெரேனா என்று பெயர் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டது.

அவன் போகாததை முதலில் யாரும் பெரிதுபடுத்தவில்லை. சங்கத் தலைவர் புர்க்கார்ட் மேஸ்திரி குழந்தைக்கு ஒரு வெள்ளிக் கரண்டிகூடக் கொண்டுவந்து கொடுத்தார். பெண்டாட்டி வலியில் கிடக்கும்போது எந்த ஆம்பளை போவான் என்று அவரே சொன்னாராம். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை எண்ட்ரஸ் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

பெரிய தொட்டியில் தச்சர்கள் நாலைந்து பேர் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தார்கள். புர்க்கார்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நான் அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓட்டிலி அக்கா," என்றான் எண்ட்ரஸ் தொட்டியிலிருந்து. "மேஸ்திரிக்கு முதுகு கெடக்கட்டும், அந்தக் கைய நல்லா அழுத்தித் தேய்ங்க. தூக்குமரத்தத் தொட்ட கை. எனக்குன்னா ரெண்டு தேய்ப்புப் போதும்."

தொட்டி குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புர்க்கார்டும் சிரித்தார், ஆனால் என் கைக்குக் கீழே அவர் முதுகு விறைத்துப்போனது எனக்குத் தெரிந்தது.

"இன்னொரு தடவ சொல்லு," என்றார்.

"சும்மா சொன்னேன், மேஸ்திரி."

"சும்மாதான். நாளைக்கும் சும்மா சொல்லுவ. உன் பொண்ணு பெரிசாயி எங்க பிள்ளைங்களப் பாத்து அதுவும் சும்மா சொல்லும். நாங்க யாரும் ஒருத்தர ஒருத்தர் இதச் சொல்ல முடியாது, எல்லாரும் அடிச்சிருக்கோம். இந்த ஊர்ல அதச் சொல்லக்கூடிய வாய் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

தொட்டியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து துணி மாற்றப் போய்விட்டார்கள். எண்ட்ரஸ் மட்டும் தண்ணீரில் கிடந்தான். சிரிப்பு இன்னும் அவன் முகத்தை விட்டுப் போகவில்லை, அதை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தான்.

சங்கம் கூடியது. அவன் வராததில் தப்பில்லை, மன்னிப்புக் கேட்டதால் பேசியதையும் விட்டுவிடலாம் என்றார்கள். ஆனால் அந்த உத்தரத்தில் ஓர் அடி அடிக்காதவனோடு யாரும் சேர்ந்து வேலை செய்வதில்லை என்று முடிவெடுத்தார்கள். இதை எண்ட்ரஸே எங்கள் உலைக்கட்டில் வந்து உட்கார்ந்து சொன்னான். கூட்டம் இல்லாத நாளில்தான் வர ஆரம்பித்திருந்தான்.

"இவ்வளவுதானா, நாளைக்கே அடிக்கிறேன், எல்லாரும் கூட வாங்கன்னு சொன்னேன் அக்கா. அதுக்கு என்ன சொல்றாங்க தெரியுமா? நாங்க அடிச்சாச்சு, ரெண்டாந் தடவ எதுக்கு வரணும், சபை குறையில்லன்னு சொன்னது அந்த ஒரு நாளைக்குத்தானேங்கறாங்க. சரி, நான் மட்டும் போயி அடிக்கிறேன்னேன். தனியாப் போயி தூக்குமரத்தத் தொட்டவன் தூக்குக்காரனோட ஆளு, அவன சங்கத்துல வெச்சிருக்க முடியாதுங்கறாங்க."

"அடிக்காம இருந்தா?" என்றான் வென்டல்.

"அடிக்காதவனோட உத்தரம் தூக்க மாட்டாங்களாம்."

வென்டல் கத்தியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தான். "அடிச்சாலும் போச்சு, அடிக்காட்டியும் போச்சு," என்றான்.

"ஆமா," என்று எண்ட்ரஸ் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சபையில் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் சங்கம் கேட்கும் என்று அவனுக்கு ஒரு நப்பாசை. சபை உறுப்பினரான துணி வியாபாரி ஒருவருக்கு வென்டல்தான் வாரம் தவறாமல் மழிப்பான். கத்தியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு கேட்டால் எந்தப் பெரிய மனிதரும் காதுகொடுத்துக் கேட்பார் என்று வென்டல் கிளம்பினான். அவரும் கேட்டார். "அது சங்கத்து விவகாரம்ப்பா. இதுல சபை கைவெச்சா நாளைக்கு ஒவ்வொரு செருப்புத் தைக்கிறவனும் வாசல்ல வந்து நிப்பான். சவுக்காரம் காயுது, சீக்கிரம் மழி," என்று சொல்லிவிட்டாராம்.

வேறு ஊருக்குப் போகலாமே என்று எனக்கும் தோன்றியது. போகலாம். போகிற ஊரில், இவன் மானமுள்ள தச்சன்தானா என்று எங்கள் சங்கத்தைத்தான் கேட்பார்கள். புர்க்கார்ட் என்ன பதில் சொல்லுவார்? அந்த மனிதரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு மூன்று பையன்கள், மூன்று பேருக்கும் நல்ல இடத்தில் பெண் எடுக்க வேண்டும். எவனாவது ஒருவன் குடித்துவிட்டு, உங்கப்பன் தூக்குமரம் செஞ்சவன்தானே என்று கேட்டுவிடக்கூடாது என்கிற பயம் அவருக்கு. பயந்தவன் செய்கிற கொடுமைக்கு நல்லவன் கெட்டவன் வித்தியாசமெல்லாம் கிடையாது.

கூரை ஏற்ற ஒரு ஆள் போதாது. அதனால் எண்ட்ரஸ் வீட்டிலேயே உட்கார்ந்து முக்காலி செய்து விற்றான். மேசை நாற்காலி செய்பவர்களின் சங்கம் வந்து, இது எங்கள் வேலை என்றது. மரக்கிண்ணம் கடைந்தான். கடைசல்காரர்கள் வந்து சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பன்றித் தொட்டி மட்டும் எந்தச் சங்கத்துக்கும் சொந்தமில்லாமல் இருந்தது, ஆனால் ஊருக்கு எத்தனை பன்றித் தொட்டி வேண்டும்? உர்செல் அடுத்தவர் வீட்டுக் கம்பளியை நூற்று, கம்பு ரொட்டிக்கு வழி பார்த்தாள். ஒரு நாள் ஊர் மதில்படியில் அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கீழே புது வீடு ஒன்றில் கூரை ஏற்றி முடித்து, வேறு எவனோ உச்சியில் நின்று வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்தான். பாதியில் வரி மறந்து திணறினான். எண்ட்ரஸின் உதடு அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டான்.

அடுத்த குளிர்காலம் கடுமையாக இருந்தது. பனி உருகுகிற சமயத்தில் அடித்த காற்றில் அந்தப் புது உத்தரம் தூணிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. விழாமல் என்ன செய்யும்? ஆளுக்கு ஓர் அடி அடித்துவிட்டுப் பீருக்கு ஓடினார்களே தவிர, நின்று, தூணில் உட்காருகிற பொருத்தைச் சரியாகச் செதுக்க ஒருவனுக்கும் மனசில்லை. கூட ஒரு நிமிஷம் நின்றால் கூட ஒரு நிமிஷத் தீட்டு.

எண்ட்ரஸ் சேறு தெறிக்க எங்கள் வாசலுக்கு ஓடி வந்தான். "அக்கா, விழுந்துடுச்சு," என்றான். "மறுபடி எல்லாரும் அடிக்கணும். சபை உத்தரவு போட்டாச்சு."

அவ்வளவு நாள் கழித்து அவன் முகத்தில் ரத்தம் ஓடியதைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு வென்டலின் சாணைக்கல்லில் கோடாலியை வைத்துத் தீட்டு தீட்டென்று தீட்டினான். ஓர் அடிக்கு இவ்வளவு கூர்மை எதற்கென்று வென்டல் கிண்டல் செய்தான். உர்செல் அவனுடைய பழைய நல்ல சட்டைக்குப் புதுக் கழுத்து வைத்துத் தைத்தாள்.

மேட்டில் கூட்டம் நின்றது. முன்னால் சபை, அடுத்து சங்கம், அப்புறம் பெண்கள், எல்லோருக்கும் பின்னால் நாங்கள். தூக்குக்காரர் இன்னும் தள்ளி, தனியாக நின்றுகொண்டிருந்தார். குளிரில் மூக்கு சிவந்துபோயிருந்த நகரத் தலைவர் முதல் அடி அடித்தார். புர்க்கார்ட் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். எண்ட்ரஸ் சங்கத்தில் சேர்ந்த வரிசைப்படி அவன் பெயர் பாதிக்கு முன்னாலேயே வர வேண்டும். வரவில்லை. பின்னால் சேர்ந்தவர்களோடு சேர்த்துக் கூப்பிடுவார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான், ஒவ்வொரு பெயருக்கும் கோடாலிக் காம்பைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான். கடைசியாக, போன இலையுதிர் காலத்தில்தான் சங்கத்தில் சேர்ந்த ஒருவனும் அடித்துவிட்டு விலகினான். புர்க்கார்ட் வாயை மூடிக்கொண்டார்.

"மேஸ்திரி," என்றான் எண்ட்ரஸ். "எம் பேரு?"

புர்க்கார்ட் அவனைப் பார்க்காமல் பதில் சொன்னார். "ஆறு மாசம் சங்கத்தோட சேந்து வேலை செய்யாதவன் பேரு தானா விழுந்துடும். அந்தச் சட்டம் நான் போட்டதில்ல."

"சேத்துக்காதது நீங்கதானே?"

புர்க்கார்ட் மேலங்கியை இழுத்து விட்டுக்கொண்டார்.

"பேரு வேணாம், மேஸ்திரி. இவங்களோட சேந்து ஒரு அடி அடிச்சிக்கிறேன். அதுக்கப்புறம் நீங்க சேத்துக்கிட்டாலும் சரி, சேத்துக்காட்டியும் சரி."

"கூப்பிட்டவங்களுக்குத்தான் சபையோட காப்பு."

நகரத் தலைவர் கையைத் தேய்த்துக்கொண்டே, "எல்லாரும் அடிச்சாச்சா?" என்றார்.

"சங்கத்தார் எல்லாரும் அடிச்சாச்சு, ஐயா," என்றார் புர்க்கார்ட்.

அறிவிப்பைப் படித்தார்கள். இன்று இந்த மரத்தைத் தொட்டதால் யாருக்கும் குறையில்லை. கொட்டுக்காரன் தோல் வாரைத் தோளில் மாட்டினான். சங்கத்தார் திரும்பி நடக்கத் தயாரானார்கள். பெண்கள் நடுவிலிருந்து உர்செல், இடுப்பில் குழந்தையோடு, "வந்துடுங்க," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

போயிருக்கலாம். போனால் நாளைக்கு என்ன? மறுபடி மதில்படி, மறுபடி பன்றித் தொட்டி. அவன் அவளைப் பார்த்தான், பிறகு திரும்பி நேராக உத்தரத்திடம் போய் ஓங்கி அடித்தான். ஓர் அடி இல்லை. செதில் பறக்கப் பறக்க அடித்தான். அடித்து, பொருத்தைச் செதுக்கி, காலை வைத்து மிதித்து, மறுபடி செதுக்கினான். யாரும் தடுக்கவில்லை. நான் புர்க்கார்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாரம் இறக்கி வைத்தவர் மாதிரி அவருடைய தோள் தளர்ந்தது. தங்களைப் பார்த்துச் சொல்லிக்காட்ட இனி ஊரில் ஒருவன்கூட மிச்சமில்லை. அந்த இடத்திலேயே அவர் முகத்தில் துப்பியிருப்பேன், வென்டல் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு தூக்குக்காரர் கிட்டே வந்தார். தொப்பியைக் கழற்றினார். மரியாதை தெரிந்த மனிதர்.

"மேஸ்திரி," என்றார் எண்ட்ரஸிடம். "எங்க ஏணி ஒண்ணு ஒடஞ்சு கெடக்கு. ஒழிஞ்சப்ப வந்து பாருங்க."

அந்த ஒரு வருஷத்தில் அவனை மேஸ்திரி என்று கூப்பிட்டது அவர் ஒருவர்தான்.  மறுநாள் அவன் போய் ஏணியைச் சரிசெய்து கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவன் தச்சர்கள் பெஞ்சுப் பக்கம் போகவில்லை. வாசலுக்குள் வந்ததுமே நின்று, மணிக்கயிறு தொங்குகிற மூலைக்கு, எங்கள் இடத்துக்கு வந்தான். சிறிது நேரத்தில் உர்செலும் பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து, நடுப்பாதை முழுக்க நடந்து, குழந்தையோடு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வா, இங்கே யாரும் உன்னை ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று சொல்லத் தோன்றியது. வென்டலை இடித்து நகர்த்தி இடம் விட்டேன்.

அவன் அந்த இடத்துக்கு வரவில்லை. எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி விட்டு, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டான். பாதிரியார் பாட ஆரம்பித்தார். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த வெரேனா தத்தித் தத்தி வந்து, விழாமல் இருக்க என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

எண்ட்ரஸ் குனிந்தான். என் பாவாடையிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் பீடத்தைப் பார்த்து, மற்றவர்களோடு சேர்ந்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தான். தன் கை என்ன செய்தது என்று அவனுக்குத் தெரியவே இல்லை.